தொட்டியின் மூட்டில் ஒளிந்திருக்கும் நஞ்சு

ஐந்து கண்ணாடித் தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்யப்படும் மீன்தொட்டியில் நீரின் பாரத்தைத் தாங்கி நிற்பது கண்ணாடி மட்டுமன்று. தகடுகளுக்கிடையே இரண்டு, மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் ஓடும் சிலிக்கோன் மூட்டும்தான். நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டியைக் கடல்நீரால் விளிம்பு வரை நிரப்பினால், ஏறத்தாழ 250 லீற்றர் நீர் அதனுள் நிற்பதோடு, முன்பக்கக் கண்ணாடியை மாத்திரம் ஏறக்குறைய 125 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசை இரவு பகலாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். மூட்டு விட்டுப்போனால் வீடு வெள்ளமாகும் என்பது எவருக்கும் தெரியும். மூட்டு உறுதியாக இருக்கும்போதே அதிலிருந்து கசியும் பொருளால் தொட்டியின் உயிர்கள் ஒவ்வொன்றாக மடியக்கூடும் என்பதுதான் பலருக்கும் தெரியாதது.

கல்முனைக் கடைத்தெருவும் கடலும் எட்டும் தூரத்தில் இருக்கும் நற்பிட்டிமுனையில் கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்பும் ஒருவருக்கு நீரும் கண்ணாடியும் பெரிய சிக்கலல்ல. சிலிக்கோனை மட்டும், கதவு, யன்னல், குளியலறை, சமையலறை என்று பல வேலைகளுக்கென ஒரே தட்டில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் டியூப்களுக்கு நடுவேதான் தெரிந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

கண்ணாடித் தொட்டிக்குச் சிலிக்கோன் வந்தது அண்மைக் காலத்தில்தான். ஆங்கிலேய இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி கோஸ் 1854 இல் வெளியிட்ட நூல் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியை ஐரோப்பாவில் பரவலாக்கிய காலத்திலும், அதன் பின் நெடுங்காலத்திலும், தொட்டிகள் உலோகச் சட்டத்தில் கண்ணாடியைப் பதித்து, சுண்ணத்தூளும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த மக்கினால் அடைக்கப்பட்டன. சில வேளைகளில் அந்த மக்கில் ஈயச் சேர்வையும் கலந்திருந்தது. நன்னீரை ஓரளவு தாங்கிய அச்சட்டங்கள் உப்பு நீரில் துருப்பிடித்தன. கரைந்த உலோகம் உயிர்களைக் கொன்றது. சட்டமே இல்லாமல் கண்ணாடியைக் கண்ணாடியோடு ஒட்டும் வழியை 1960களில் சிலிக்கோன் திறந்துவிட்ட பின்னரே கடல்நீர்த் தொட்டி சாதாரண வீடுகளுக்குள் வந்தது.

சிலிக்கோன் என்பது சிலிக்கனும் ஒட்சிசனும் மாறிமாறிக் கோத்த நீண்ட சங்கிலிகளாலான பல்பகுதியம். டியூபுக்குள் களியாக இருக்கும் அது, வெளியே வந்ததும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து றப்பராக இறுகுகிறது. இறுகும்போது ஒரு துணைப்பொருள் ஆவியாக வெளியேறும். அது எது என்பதை வைத்தே சிலிக்கோன் வகைப்படுத்தப்படுகிறது. அசற்றொக்சி வகையிலிருந்து வெளியேறுவது அசற்றிக் அமிலம், அதாவது வினாகிரியின் புளிப்பு மணத்துக்குக் காரணமான அமிலம். நியூட்ரல் என்று குறிக்கப்படும் வகைகளில் சில மெதனோலையும், வேறு சில ஒட்சைம் எனும் சேர்வையையும் வெளிவிடும். அந்த ஒட்சைம்களுள் பெரிதும் பயன்பட்ட ஒன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய பொருளாக வகைப்படுத்தியுள்ளது. கண்ணாடியில் அசற்றொக்சி நன்றாகப் பிடிக்கும், அதன் அமிலமும் சில நாட்களில் வெளியேறிவிடும் என்பதால், தொட்டி கட்டுவோரின் கை வழக்கமாக அதனையே நாடுகிறது. செம்பு, நாகம் பூசிய தகரம், சீமெந்து ஆகியவற்றை அந்த அமிலம் அரிக்குமென்பதால் அவ்விடங்களுக்கு அது ஏற்றதன்று.

முற்றாக இறுகிய தூய சிலிக்கோன் நஞ்சன்று. உப்பு நீரும் அதனை எளிதில் ஒன்றும் செய்துவிடாது. தீங்கு அதனோடு சேர்க்கப்படும் மருந்தில் இருக்கிறது. குளியலறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் படியாதிருக்க, அவ்வேலைக்கென விற்கப்படும் சிலிக்கோன்களில் பூஞ்சணக்கொல்லிகள் கலக்கப்படுகின்றன. ஆசனிக் அடங்கிய சேர்வைகள் ஒரு காலத்தில் இதற்குப் பயன்பட்டன. இன்றைய கொல்லிகளுள் ஒன்றான சிங்க் பைரிதியோன், பொடுகு நீக்கும் ஷம்பூக்களிலும் இருந்துவரும் பொருள். கப்பல்களின் அடிப்புறத்தில் கொட்டலசும் பாசியும் ஒட்டாதிருக்கப் பூசப்பட்ட வெள்ளீயச் சேர்வைப் பூச்சுகள், சிப்பிகளையும் நத்தைகளையும் பாழாக்கியதால், 2008 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கையால் தடைசெய்யப்பட்டன. அவற்றின் இடத்தைப் பிடித்த செம்புப் பூச்சுகளில் துணைக் கொல்லியாகச் சேர்க்கப்படுவதும் இதே சிங்க் பைரிதியோன்தான். கடல் உயிர்கள் அண்டாதிருக்கக் கப்பலுக்கு வெளியே பூசும் மருந்தை, கடல் உயிர்களை வளர்க்கும் தொட்டியின் உட்புறத்தில் பூசுவதற்கு ஒப்பானது குளியலறைச் சிலிக்கோனால் தொட்டியை ஒட்டுவது.

நன்னீர்த் தொட்டியில் அதே சிலிக்கோனைப் பூசியும் மீன்கள் பிழைத்திருப்பதைக் காட்டி, பயமில்லை என்று சொல்வோர் உண்டு. அந்த ஒப்பீடு பொருந்தாது. நன்னீர் மீன் நீரை மிகக் குறைவாகவே குடிக்கிறது. கடல்மீனோ, சூழவுள்ள உப்பு தன் உடல்நீரை இழுத்துக்கொண்டிருப்பதால், அதனை ஈடுசெய்ய ஓயாமல் கடல்நீரைக் குடித்தபடியே வாழ்கிறது. றால், நட்சத்திரமீன், கடற்சாமந்தி போன்ற முள்ளந்தண்டற்ற உயிர்கள், செம்பு, நாகம் முதலிய உலோகங்களின் மிகச் சிறு அளவுக்கும் தாக்குப்பிடிக்க மாட்டாதவை. அத்தோடு, தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் நீர் மட்டுமே என்பதால், மூட்டிலிருந்து கசிந்த பொருள் உள்ளேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும்.

இனி, கடையில் டியூபைக் கையிலெடுத்துப் பார்ப்போம். வினாகிரி மணம் வந்தால் தொட்டிக்கு உகந்தது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மையே. மணம் சொல்வது இறுகும் முறையை மட்டும்தான். பூஞ்சணக்கொல்லி கலந்த அசற்றொக்சிச் சிலிக்கோனும் அதே மணத்தோடுதான் வரும். ஆகவே மூக்கை நம்புவதை விட லேபிளை வாசிப்பதே மேல். பூஞ்சண எதிர்ப்பு, சானிட்டரி, குளியலறை, சமையலறை என்ற சொற்களில் எது இருந்தாலும் டியூபைத் திரும்ப வைத்துவிட வேண்டும். நூறு வீதம் சிலிக்கோன் என்ற குறிப்பு அவசியமானது, ஆனால் போதுமானதன்று. மீன்தொட்டிக்கு உகந்தது என்று தயாரிப்பாளரே வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். உணவோடு தொடுகைக்கு உகந்தது என்பதைக் காட்ட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் 177.2600 ஆம் விதியைச் சில டியூப்கள் குறிப்பிடும். அது நல்ல அறிகுறிதான் என்றாலும், அவ்விதி மனிதரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது, றாலை அன்று. அக்ரிலிக்கில் சிறிது சிலிக்கோன் கலந்த, நீரால் கழுவக்கூடிய பூச்சுகளைத் தொட்டிக்கு எடுக்கவே கூடாது.

காலாவதித் திகதியையும் கட்டாயம் பார்க்க வேண்டும். தகரக் கூரையின் கீழ் வெயில் காய்ந்த கடையில் நெடுநாள் கிடந்த டியூபிலுள்ள சிலிக்கோன், திகதி முடியுமுன்னரே கெட்டு, எத்தனை நாள் வைத்தாலும் இறுகாமல் பிசுபிசுத்து நிற்கலாம். மலிவான சில வகைகளில் கனிய எண்ணெய் கலந்து அளவைக் கூட்டியிருப்பார்கள். அவை காலப்போக்கில் சுருங்கி, மஞ்சளாகி, கண்ணாடியை விட்டு விலகும்.

எந்த டியூபானாலும் வேலை தொடங்குமுன் ஒரு சோதனை செய்வது நன்று. துடைத்த கண்ணாடித் துண்டொன்றில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, ஒரு வாரம் கழித்து அதன் நுனியைக் கத்தியால் கிளப்பி இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல சிலிக்கோன் றப்பர் நாடா போல நீண்டு, முடிவில் அறுந்தாலும், தன் அடிப்பகுதியைக் கண்ணாடியிலேயே விட்டுச் செல்லும். தோல் உரிவது போல முழுதாகக் கழன்று வருவது மூட்டில் நிலைக்காது. அறுத்தெடுத்த துண்டை மூடியுள்ள போத்தலில் ஓரிரவு அடைத்து வைத்துத் திறக்கும்போது புளிப்பு மணம் அடித்தால் அது இன்னும் முழுதாக இறுகவில்லை என்பது பொருள்.

பழைய தொட்டியைத் திருத்துவோர் கசியும் இடத்தில் மேலாகப் புதிய சிலிக்கோனைத் தடவிவிட்டுப் போவது வழக்கம். இறுகிய சிலிக்கோனில் புதிய சிலிக்கோன் சரியாக ஒட்டாது என்பதால் அது வீண் வேலை. பழையதைச் சவர அலகால் முற்றாகச் சுரண்டியெடுத்து, கண்ணாடியை அசற்றோனால் துடைத்து, அதன் மேல் விரல் படாமல் புதியதை இடுவதே முறை. இட்டதும் சில நிமிடங்களில் மேற்பரப்பில் ஆடை படரத் தொடங்கும்; விரலால் மட்டமாக இழுப்பதும், ஓரம் நேராக அமைய முன்கூட்டியே ஒட்டியிருந்த மறைப்பு நாடாவை உரிப்பதும் அதற்குள் முடிந்துவிட வேண்டும்.

இறுகுதல் வெளியிலிருந்து உள்ளே, நாளொன்றுக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் ஆழமாகவே நகரும். கண்ணாடிகளுக்கு நடுவே அடைபட்ட பகுதிக்குக் காற்று ஓரத்தால் மட்டுமே போகுமாதலால், குறைந்தது ஒரு வாரம் பொறுப்பது நல்லது. நற்பிட்டிமுனைக்கு அருகே கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடும் வடகீழ்ப் பருவ மழைக்காலத்தில், காற்றின் ஈரம் இறுகுதலுக்கு உதவினாலும், கண்ணாடியின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படியும் ஈரம் ஒட்டுதலைக் கெடுக்கும். அந்நாட்களில் ஒட்டுமுன் கண்ணாடியை வெயிலிலோ மின்விசிறியின் கீழோ நன்கு உலர்த்த வேண்டும்.

ஒரு வாரம் கழிந்த பின், தொட்டியின் அடியில் பழைய பத்திரிகைத் தாள் விரித்து, முதலில் நன்னீரை விளிம்பு வரை நிரப்பி இரண்டு மூன்று நாள் விட்டுவைத்தால், ஒரு சொட்டுக் கசிந்தாலும் தாளில் கறை காட்டிக்கொடுக்கும். மூட்டில் எஞ்சிய அமிலமும் அந்நீரில் இறங்கும். அதனை முழுதாக வெளியே ஊற்றிக் கழுவிய பிறகே கடல்நீரைத் தொட்டிக்குள் விட வேண்டும்.