நூலுணவு

காஞ்சிபுரத்தில் நூல் என்றவுடன் பட்டு நூலே நினைவுக்கு வரும். ஆனால் அந்நகரின் அடுக்களைகளிலும் நூல் உண்டு. அரிசிமாவை நாழியில் இட்டுப் பிழியும் சேவையும் இடியப்பமும் உண்ணத் தகும் நூல்களே ஆகும்.

சங்க காலத்தில் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பெரும்பாணாற்றுப்படை. அதில் திருவெஃகாவை அடுத்த சோலை ஒன்று காட்டப்படுகிறது. காஞ்சிமரத்தைச் சுற்றிய குருகுக் கொடியின் பூக்கள் நீரின்மேல் உதிர்ந்து கிடக்கின்றன. அப்ப வாணிகர் பாகு கூட்டிச் செய்த, இழை சூழ்ந்த வட்டமான பண்டம் பாலிலே கிடப்பது போன்றது அக்காட்சி என்கிறார் புலவர். இன்றைய இடியப்பம்தான் அது என்று அறுதியிட்டுக் கூறுதல் அரிது. ஆயினும், உணவை இழையாக்கும் கைத்திறம் அன்றே இந்நகரத்தார் அறிந்ததொன்று என்பதில் ஐயமில்லை.

ஜப்பானியரும் நூலுணவில் பெருவிருப்பம் உடையவர். சோமென், உதோன், சோபா என அவர்களுடைய வகைகள் பல. நாரா நகரை அடுத்த மிவா என்னும் ஊர் சோமெனுக்குப் பெயர் பெற்றது. கோதுமை மாவுக்கு எண்ணெய் தடவி, மீண்டும் மீண்டும் இழுத்து, மயிரிழை போல் மெலியச் செய்து உலர்த்துவர். காஞ்சி மாவட்டத்து ஒரகடத்தில் 2010-ஆம் ஆண்டில் நிசான் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இத்தகைய தொழில்களை ஒட்டி ஜப்பானியர் பலர் சென்னைப் பகுதிக்கு வந்தனர். அவர்தம் உணவுப் பொருள்களும் உடன் வந்தன. ஆகவே இரு நாட்டு முறைகளையும் ஒரே கிண்ணத்தில் சேர்த்துப் பார்க்க விரும்புவோருக்கு வேண்டியவை இன்று கிடைக்கின்றன.

ஆனால் சேர்ப்பதற்குமுன் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். கோதுமையில் பசையம் என்னும் புரதம் உண்டு. பிசைந்த மாவை அது வலைபோல் பிணித்து நிறுத்துவதால், இழுத்தாலும் அறாது. கொதிநீரில் வேகவைத்தாலும் கரையாது. அரிசியில் அப்பசையம் இல்லை. அரிசிமாவை எவ்வளவு பிசைந்தாலும் நூலாக இழுக்க இயலாது. வெந்த மாப்பொருள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே அதற்குள்ள ஒரே பிடிப்பு. இதை அறியாதவர் இடியப்பத்தைக் கொதிக்கும் சாற்றில் இட்டு, ஜப்பானிய நூலுணவுபோல் கொதிக்கவைப்பர். கிண்ணத்தில் கூழே மிஞ்சும்.

இதற்கு இடியப்பத்தைவிடச் சேவையே ஏற்றது. இடியப்பம் பிழிந்தபின் வேகவைப்பது. சேவை வேகவைத்தபின் பிழிவது. முன்பே வெந்த மாவை அழுத்திப் பிழிவதால் சேவையின் இழை உறுதியாக நிற்கும்.

இனிச் சாறு. ஜப்பானியர் பெரும்பாலும் உலர்ந்த மீனிலிருந்து சாறு இறக்குவர். அங்குள்ள பௌத்த மடங்களிலோ மீனும் ஊனும் விலக்கு. உலர்ந்த ஷிடாக்கே காளானும் கொம்பும் போதும். கொம்பு என்பது நம் செவிக்கு மாட்டின் கொம்பாக ஒலிக்கும். அஃது ஒரு கடற்பாசி. அதன் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்னும் பொருள் என்பதை இக்கேதா கிக்குனாயே என்னும் அறிஞர் 1908-இல் கண்டு, அச்சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். பழுத்த தக்காளியிலும் அதே பொருள் உண்டு. எனவே கோயில் நகரின் சைவச் சமையலுக்கு அம்மடத்து முறை நன்கு பொருந்துகிறது.

நால்வருக்கு 2 ஆழாக்குப் புழுங்கலரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, நைய அரைத்து, உப்பிட்டு, இட்டலியாக வேகவைக்க வேண்டும். சூடு ஆறுமுன் சேவை நாழியில் பிழிய வேண்டும். ஆறிவிட்டால் மாவு இறுகி, பிழிபவர் தோள் வலிக்கும். ஆறு காளான்களையும் விரல் நீளக் கொம்புத் துண்டு ஒன்றையும் ஒரு லிட்டர் தண்ணீரில் முதல்நாள் இரவே ஊறப்போட்டிருத்தல் நலம். அந்நீரை மெல்லச் சூடாக்கி, கொதி வருமுன் கொம்பை எடுத்துவிட்டு, காளானை நறுக்கி இட்டு, மூன்று தக்காளிகளை மசித்துச் சேர்த்துக் கொதிக்கவிட வேண்டும். பிறகு ஓர் ஆழாக்குத் துவரம்பருப்பு நீரும், பொடித்த மிளகு, சீரகம், சுக்கும் சேர்க்கலாம். இம்மூன்றும் காஞ்சிபுரம் இட்டலியின் மணத்துக்கும் உரியவை. பெருங்காயம் வேண்டா, காளானின் மணத்தை அது விழுங்கிவிடும். புளியும் மிகை. இரண்டு கரண்டி சோயாச் சாறு விட்டபின் சுவைபார்த்தே உப்பிட வேண்டும். சோயாச் சாற்றிலேயே உப்பு மிகுதி.

காஞ்சி வைணவ இல்லங்களில் சாற்றமுது எனப்படும் இரசத்தை, நுரை கூடியதும் இறக்கிவிடுவர். ஜப்பானியரும் மிசோ என்னும் சோயாப் புளிப்புக் குழம்பை இட்டபின் கொதிக்கவிடார். மணம் போய்விடும் என்பதே இரு வீட்டாருக்கும் காரணம். இச்சாற்றையும் நுரை கூடும்போது இறக்கி, நல்லெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்ட வேண்டும்.

வாழையிலை இதற்கு உதவாது. ஆழ்ந்த கிண்ணம் வேண்டும். சேவையை முதலில் வைத்து, உண்பவர் அமர்ந்தபின்பே சூடான சாற்றை ஊற்ற வேண்டும். சாறு ஒருபுறமும் சேவை ஒருபுறமும் எஞ்சினால் குறையில்லை. சேவையை மறுநாள் காலை எலுமிச்சை பிழிந்து தாளித்துக்கொள்ளலாம்.