அறுவைக்குப் பிந்தைய வலி: அக்குபஞ்சர் எந்த அளவுக்கு உதவும்?

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய கடும் வலியைத் தணிக்க மருத்துவர்கள் பெரிதும் நம்பியிருப்பது மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகளை. அவை விரைவாக வேலை செய்யும். ஆனால் குமட்டல், மலச்சிக்கல், மந்தநிலை ஆகியவற்றையும் தரும். அளவு மிஞ்சினால் மூச்சு தடைப்படும். இம்மருந்துகளின் தேவையைக் குறைக்கும் துணைச் சிகிச்சையாகவே அக்குபஞ்சர் ஆராயப்படுகிறது.

1971இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பெய்ஜிங்கில் குடல்வால் அகற்றப்பட்டது. அறுவை நடந்தது வழக்கமான மரப்பு மருந்தைக் கொண்டுதான். பின்னர் ஏற்பட்ட வயிற்று உப்புசத்துக்கே முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் அக்குபஞ்சர் ஊசி குத்தினார்கள். அவர் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரை மேலைநாடுகளின் கவனத்தை இம்முறையின் பக்கம் திருப்பியது.

மிக மெல்லிய ஊசிகளைக் குறித்த புள்ளிகளில் செருகிச் சிறிது நேரம் விட்டுவைப்பதே சிகிச்சை. மின் அக்குபஞ்சரில் ஊசிகள் வழியே இலேசான மின்துடிப்பு செலுத்தப்படும். இத்தூண்டல் நரம்புகள் வழியாகத் தண்டுவடத்தையும் மூளையையும் எட்டி, எண்டார்ஃபின் போன்ற உடலின் சொந்த வலிநீக்கிகளைச் சுரக்கச் செய்கிறது என்பது முதன்மையான விளக்கம். ஓபியாய்டுகளின் செயலை முறிக்கும் நலோக்சோன் மருந்தைச் செலுத்தியபோது ஊசி தந்த நிவாரணமும் மறைந்ததாக 1977இல் வெளியான ஆய்வு இதற்கு வலுச்சேர்த்தது.

2008இல் 15 சோதனைகளைத் தொகுத்த ஆய்வில், உண்மையான அக்குபஞ்சர் பெற்றவர்களுக்கு, போலி ஊசி பெற்றவர்களைவிட முதல் 24 மணி நேரத்தில் சராசரியாக ஏறத்தாழ 8 மில்லிகிராம் மார்ஃபின் குறைவாகத் தேவைப்பட்டது. முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகும் ஓபியாய்டு தேவை ஓரளவு குறைவதாக 2017இல் மற்றொரு தொகுப்பாய்வு கண்டது. ஆயினும் பல சோதனைகள் சிறியவை. ஊசி குத்துபவருக்கு எது உண்மை, எது போலி என்பது தெரிந்தே இருக்கும் என்பதால், எதிர்பார்ப்பின் விளைவை முற்றிலும் பிரித்தறிவதும் கடினம். உள்மணிக்கட்டுப் புள்ளியைத் தூண்டினால் அறுவைக்குப் பிந்தைய குமட்டலும் வாந்தியும் குறையும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று உண்டு.

பயிற்சி பெற்றவர், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கிருமி நீக்கிய ஊசியால் செய்தால் பெரிய பாதிப்புகள் அரிது; சிறு இரத்தக்கசிவும் கன்றிப்போதலுமே பெரும்பாலும் ஏற்படும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மருத்துவர் எழுதித்தந்த வலி மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. வலி திடீரெனக் கூடினாலோ, காய்ச்சலோ காயத்தில் சீழோ கண்டாலோ அது தொற்றின் அறிகுறியாக இருக்கலாம்; அப்போது முதலில் பார்க்க வேண்டியவர் அறுவை செய்த மருத்துவரே.