மென்பொருளில் வசதிக் கொடிகள்: விக்கிமீடியா மொழிக்கருவியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மென்பொருளின் ஒரு செயற்பாட்டை, நிரலை மீண்டும் நிறுவாமலேயே இயக்கவும் நிறுத்தவும் உதவும் உத்தி ‘ஃபீச்சர் ஃபிளாக்’ எனப்படுகிறது. இக்கட்டுரை அதனை ‘வசதிக் கொடி’ எனக் குறிக்கிறது. ஒரு கொடியின்கீழ் ஒரு செயற்பாடு மட்டுமே அமைதல் வேண்டும் என்பதை 2014ஆம் ஆண்டு நிகழ்வொன்றின்வழி விளக்குவதும், தமிழ்த் தரவகங்களுக்கு அதன் பொருத்தத்தைக் காட்டுவதும் இதன் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: வசதிக் கொடி, விக்கிமீடியா, தட்டச்சுக் கருவி, எழுத்துரு, கல்வெட்டுத் தரவகம்

கொடியின் இயல்பு

வசதிக் கொடி என்பது நிரலில் இடம்பெறும் ஒரு நிபந்தனையாகும். கொடியின் மதிப்பு ‘ஆம்’ எனில் நிரல் புதிய வழியில் செல்லும். ‘இல்லை’ எனில் பழைய வழியில் செல்லும். அம்மதிப்பு நிரலுக்கு வெளியே, அமைப்புக் கோப்பிலோ தரவுத்தளத்திலோ இருக்கும். இதனால், நிரலை வழங்கியில் நிறுவுதலும் அதனைப் பயனருக்குத் திறந்துவிடுதலும் இருவேறு செயல்களாகின்றன. பிழை தோன்றின் மதிப்பை மாற்றினால் போதுமானது. பீட் ஹாட்ஜ்சன் இக்கொடிகளை வெளியீடு, சோதனை, இயக்கப் பராமரிப்பு, அனுமதி என நான்காக வகைப்படுத்துகிறார்.

விக்கிமீடியா நிகழ்வு

2003இல் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியா உள்ளிட்ட விக்கித் தளங்கள் ஒரே மென்பொருளில் இயங்குகின்றன. ஒவ்வொரு வசதிக்கும் ஒரு பொது மதிப்பும், தேவையான தளங்களுக்குத் தனி மதிப்பும் பொதுவான அமைப்புக் கோப்பில் தரப்படுகின்றன. மொழிக்கு மொழி வேறுபடும் தேவைகளை ஒரே நிரல் நிறைவுசெய்வது இம்முறையால் இயல்கிறது.

இந்திய மொழிகளில் தட்டச்சு செய்வதற்கு ‘நாராயம்’ என்னும் நீட்சியும், எழுத்துருவை இணையவழி வழங்குவதற்கு மற்றொரு நீட்சியும் தனித்தனியே இருந்தன. மலையாளத்தில் எழுத்தாணியைக் குறிக்கும் சொல்லே நாராயம் ஆகும். 2013இல் இவ்விரண்டின் பணியையும் ‘யுனிவர்சல் லாங்குவேஜ் செலக்டர்’ என்னும் ஒரே கருவி ஏற்றது. எழுத்துருக்களை இறக்குவதால் சில தளங்களில் பக்கங்கள் திறக்கத் தாமதமாவது கண்டறியப்பட்டமையின், 2014 சனவரி 21 அன்று கருவி முழுவதும் நிறுத்தப்பட்டது. புகுபதிகை செய்தோர் தம் விருப்பத்தேர்வில் அதனை மீண்டும் இயக்கிக்கொள்ளலாம் என்னும் ஏற்பாடு இருந்தது.

சிக்கல் எழுத்துருவில் இருந்தது. ஆயினும், அதனோடு ஒரே கொடியின்கீழ் இருந்த தட்டச்சு வசதியும் நின்றது. படிப்பதற்கான வசதியின் குறை, எழுதுவதற்கான வசதியையும் பாதித்தது. அடுத்த மாதம் கருவியை மீண்டும் இயக்கும் அறிவிப்பு வெளியானபோது, எழுத்துரு வழங்கலை மட்டும் இயக்கவும் நிறுத்தவும் தனித் தெரிவு சேர்க்கப்பட்டிருந்தது. கொடியைப் பகுத்ததே தீர்வாயிற்று என்பது இங்குக் கருதத்தக்கது.

கைவிடப்பட்ட கொடிகள்

பயன் முடிந்த கொடியை நீக்காமையும் கேடு தரும். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிடல் என்னும் பங்கு வணிக நிறுவனம், பழைய கொடியொன்றைப் புதிய வசதிக்கு மறுபடி பயன்படுத்தியது. எட்டு வழங்கிகளுள் ஒன்றில் புதிய நிரல் நிறுவப்படாமையால், அவ்வழங்கியில் கைவிடப்பட்ட பழைய நிரல் உயிர்பெற்றது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பு நேர்ந்தது. எனவே, ஒவ்வொரு கொடிக்கும் பொறுப்பாளரும் நீக்கும் நாளும் குறிக்கப்பெறல் வேண்டும்.

தமிழ்த் தரவகங்களில் பொருத்தம்

செஞ்சி, வல்லம் வட்டாரக் கல்வெட்டுகளுக்கு ஓர் இணையத் தரவகம் அமைப்பதாகக் கொள்வோம். கல்வெட்டுப் படம், பழைய வரிவடிவத்திற்கான எழுத்துரு, இக்கால எழுத்தில் பாடம், சொல் தேடல் ஆகிய நான்கிற்கும் நான்கு கொடிகள் வேண்டும். இணைய வேகம் குறைந்த ஊர்களில் படத்தையும் எழுத்துருவையும் நிறுத்தினாலும் பாடமும் தேடலும் தொடர்ந்து கிடைக்கும்.

அனுமதிக் கொடிக்கு ஆய்வுலகில் தனிச் சிறப்புண்டு. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றின் சமணக் கல்வெட்டு, 57 நாள் நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தியைக் குறிப்பது. இத்தகைய கல்வெட்டுக்குப் புதிய வாசிப்பு முன்மொழியப்பட்டால், வல்லுநர் சரிபார்க்கும்வரை அது அவர்களுக்கு மட்டும் தெரியுமாறு செய்யலாம். சரிபார்க்கப்படாத பாடம் மேற்கோளாகிப் பரவுவது இதனால் தடுக்கப்படும்.

எனினும், இதில் ஓர் இடர் உண்டு. கொடியின் நிலைக்கேற்ப, ஒரே இணைய முகவரியில் இரு ஆய்வாளர்கள் இருவேறு பாடங்களைக் காண நேரலாம். மேற்கோளில் பார்த்த நாளைக் குறிப்பது மட்டும் இதற்குப் போதாது. எந்தப் பாடம் காட்டப்படுகிறது என்பதற்கான பதிப்பு எண்ணைத் தரவகமே பக்கத்தில் வெளியிடுதல் வேண்டும்; ஆய்வாளர் அதனை மேற்கோளில் சேர்த்தல் வேண்டும்.

முடிவுரை

வசதிக் கொடி நிரலாளரின் வசதிக்காகத் தோன்றியதாயினும், எவருக்கு எது கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல் உடையது. எழுதும் வசதியையும் காட்டும் வசதியையும் தனிக் கொடிகளில் வைத்தல், பயன் முடிந்த கொடிகளை நீக்கல், பாடத்தின் பதிப்பைப் பயனருக்கு அறிவித்தல் ஆகிய மூன்றும் தமிழ்த் தரவகங்களின் வடிவமைப்பு நிலையிலேயே முடிவு செய்யப்பட வேண்டியவையாகும்.