மல்லிகை பூக்கவில்லையா? கத்தரியை எடுங்கள்!

எத்தனை வகைப் பூ கடைக்கு வந்தாலும், வெள்ளிக்கிழமை மாலை நம் கை தேடிப் போவது மல்லிகையைத்தான். முகூர்த்த நாளில் முழம் என்ன விலை என்று கேட்டால் தலை சுற்றும்! அதற்காகவே பல சகோதரிகள் வீட்டில் ஒரு கன்று வைக்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து, "செடி புதர் மாதிரி வளர்ந்திருக்கு, பூவைத்தான் காணோம்!" என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

காரணம் ரொம்பச் சாதாரணம். மல்லிகை, புதிதாய் விடும் இளங்கிளைகளில்தான் மொட்டு வைக்கும். முற்றிய கிளைகளை அப்படியே விட்டால் இலைதான் மிஞ்சும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை வளர்க்கும் விவசாயிகள் வருஷம் தவறாமல் செடியை வெட்டிவிடுவது இதனால்தான். நமக்கோ, வளர்த்த செடியில் கத்தரி வைக்க மனசு வருவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படித்தான். "மலட்டுச் செடி, பிடுங்கிப் போடு" என்றார் மாமியார். கல்யாணமாகி ஆறு வருஷமாய்க் குழந்தையில்லாத மருமகள், பதில் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டாள். "செடி மேல குத்தமில்லேம்மா, அதுக்குச் செய்ய வேண்டியதைத்தான் யாரும் செய்யலே" என்று சொல்லி, அன்றே வெட்டிக் கொடுத்தேன். பங்குனியில் செடி வெள்ளை வெளேரென்று பூத்தது. முதல் சரத்தை மாமியாரே தொடுத்து மருமகள் தலையில் வைத்தார். அந்தப் பொல்லாத வார்த்தை அப்புறம் அவர் வாயில் வரவேயில்லை. செடியைக்கூட அப்படிச் சொல்லலாமா, சொல்லுங்கள்!

சரி, எப்படி வெட்டுவது? நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகை மாதம் ஏற்ற சமயம். குளிரில் எப்படியும் பூ குறைவு என்பதால் நஷ்டமில்லை. சில நாள் முன்பே தண்ணீரைக் குறையுங்கள். பிறகு தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு, எல்லாக் கிளைகளையும் வெட்டுங்கள். காய்ந்த குச்சி, பின்னிக்கொண்ட கிளை எதுவும் வேண்டாம். மிச்சமுள்ள இலைகளையும் உருவிவிடுங்கள். வேர் அறுபடாமல் மண்ணைக் கொத்தி, ஒரு சட்டி மக்கிய தொழு உரம் போட்டுத் தண்ணீர் விடுங்கள். தொட்டிச் செடியானால் பாதி உயரத்துக்கு வெட்டினால் போதும். முதல் வருஷக் கன்றுக்கு நுனியைக் கிள்ளினாலே சரி.

செடிக்குத் தினம் ஐந்தாறு மணி நேரமாவது வெயில் வேண்டும். மாமரத்து நிழலில் வைத்துவிட்டுப் பூவுக்குக் காத்திருக்காதீர்கள். வேரில் தண்ணீர் தேங்கவும் கூடாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாயிருந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து இலைகள் நனையத் தெளியுங்கள். மொட்டைப் புழு துளைத்தால், அந்த மொட்டுகளைப் பறித்து அழித்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள்.

மாசிக் கடைசியில் மொட்டு தலைகாட்டும். சித்திரை, வைகாசியில் பறித்து மாளாது! தொடுக்க வேண்டிய மொட்டுகளை வெயில் ஏறுமுன் பறித்துவிடுங்கள்; சாயங்காலம் தலையில் விரியும்.

ஒன்று சொல்ல மறக்கக் கூடாது. வெட்டிய கிளைகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ரொம்ப முற்றாத குச்சிகளை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, இரண்டு கணு புதையும்படி மணல் கலந்த மண்ணில் நட்டு, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள். வேர் பிடித்ததும் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். கூடவே கத்தரி வைக்கும் மாதத்தையும் சொல்லிக் கொடுங்கள்!