யார் பார்த்தா என்ன? நடக்கவும் உடற்பயிற்சி செய்யவும் நமக்கு ஏன் இந்தக் கூச்சம்?



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றி மாதா மாதம் பேசுகிறோம். இந்த முறை நம் உடம்பைப் பற்றிப் பேசுவோம். "டாக்டரம்மா தினமும் நடக்கச் சொன்னாங்க, ஆனா போக முடியல" என்று சொல்லும் உறுப்பினர்கள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

ஏன் போக முடியவில்லை என்று கேட்டால் முதலில் வரும் பதில், "நேரம் எங்கே இருக்கு?" என்பதுதான். அதுவும் உண்மைதான். ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் பேசினால் வேறு காரணமும் வெளியே வரும். "எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க." "பேரன் பேத்தி எடுத்த பிறகு இது தேவையான்னு கேக்கறாங்க." "கையை வீசி நடந்தா டீக்கடையில சிரிக்கறாங்க." சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கச் செலவு செய்யத் தயங்காத நாம், காசில்லாத மருந்தான நடையை, பிறர் பார்வைக்குப் பயந்து விட்டுவிடுகிறோம். இதை மனசு சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. நம் ஆரோக்கியமே இதில் அடங்கியிருக்கிறது.

வீட்டு வேலையும் தறி வேலையும் போதாதா?

"காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் வேலைதான். இதுக்கு மேல எதுக்கு உடற்பயிற்சி?" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

நம் இளம்பிள்ளைப் பகுதியில் நடக்கும் வேலைகளை நினைத்துப் பாருங்கள். தார் போடுகிறவர் மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருக்கிறார். விசைத்தறி ஓட்டுகிறவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். சேலை மடிப்பவரும் கல் ஒட்டுபவரும் குனிந்த தலை நிமிர்வதில்லை. சாயங்காலம் உடம்பு அலுத்துப் போகிறது, இடுப்பு வலிக்கிறது. ஆனால் இதயம் வேகமாகத் துடித்து, மூச்சு கொஞ்சம் வாங்கி, கால் தசைகள் தொடர்ந்து அசைந்ததா என்றால் இல்லை. அலுப்பு வேறு, பயிற்சி வேறு. ஒரே இடத்தில் இருந்து ஒரே வேலையைச் செய்யும்போது சில உறுப்புகள் தேய்கின்றன, மற்றவை சும்மா கிடக்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடல் உழைப்பு வேண்டும். அதாவது வாரத்தில் 5 நாள், நாளுக்கு அரை மணி நேரம் வேகமாக நடந்தால் போதும். அதோடு வாரத்தில் 2 நாளாவது தசைகளுக்கு வலு சேர்க்கும் பயிற்சியும் தேவை. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் 2024-ல் ஓர் ஆய்வு வந்தது. 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, போதிய உடல் உழைப்பு இல்லாத பெண்கள் இந்தியாவில் 100-க்கு 57 பேர். ஆண்களில் 42 பேர். நாளெல்லாம் வேலை செய்வதாகச் சொல்லப்படும் நாம்தான் இதில் பின்தங்கியிருக்கிறோம்.

சாமிக்கு நடந்தால் யாரும் சிரிப்பதில்லை

அமாவாசைக்குக் கஞ்சமலை சித்தர் கோவிலுக்குப் போகும் கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள்தான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நாள்கணக்கில் பாதயாத்திரை போகும் பெண்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர். வெறுங்காலில் நடக்கிறோம், வியர்த்துக் கொட்டுகிறது, ரோட்டோரம் உட்கார்ந்து கால் அமுக்கிக்கொள்கிறோம். அப்போது யாரும் கேலி செய்வதில்லை. நமக்கும் கூச்சம் வருவதில்லை.

அதே ரோட்டில், அதே சேலையில், "எனக்குச் சர்க்கரை இருக்கு, அதனால நடக்கறேன்" என்று கிளம்பினால் மட்டும் கால் பின்வாங்குகிறது. ஏன்? சாமிக்காக, பிள்ளைக்காக, புருஷனுக்காக நடந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று ஊர் ஒத்துக்கொள்கிறது. ஒரு பெண் தனக்காக அரை மணி நேரம் எடுத்துக்கொள்வது இன்னும் பழக்கமாகவில்லை. நடப்பது ஊருக்குப் புதுசு இல்லை. நமக்காக நடப்பதுதான் புதுசு.

புதுசாக ஒன்றைச் செய்தபோதெல்லாம் நம்மைப் பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசு உதவியோடு சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகளில் சேலம் மாவட்டத்துக்கும் வந்தன. அந்தக் காலத்தில் நோட்டும் பையுமாக வங்கிக்குப் போன பெண்களை ஊர் எப்படிப் பார்த்தது என்று மூத்த உறுப்பினர்களைக் கேட்டுப் பாருங்கள். இன்று வங்கியில் நாம் வரிசையில் நின்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போகப் போகத்தான் அது பழகியது. வீட்டிலேயே இருந்திருந்தால் பழகியிருக்காது.

பார்வையில் மூன்று வகை

எல்லாப் பார்வையும் ஒன்றல்ல. பிரித்துப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும்.

முதல் வகை, சும்மா கடந்து போகும் பார்வை. தெருவில் எது அசைந்தாலும் கண் அந்தப் பக்கம் போகும். அவ்வளவுதான். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு சோதனை செய்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒரு மாணவரை, போடவே வெட்கப்படும் ஒரு பனியனைப் போட்டுக்கொண்டு, பலர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் போகச் சொன்னார்கள். "பனியனில் யார் படம் இருந்தது என்று எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?" என்று பிறகு கேட்டார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்றார். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். நம்மை ஊரே பார்க்கிறது என்று நாம் நினைப்பதில் பாதி, நம் மனசு போடும் கணக்கு.

ஆனால் ஒன்று. அந்த அறையில் இருந்தவர்களைப் போல நம் ஊர்க்காரர்கள் முன்பின் தெரியாதவர்கள் இல்லை. யார் மகள், யார் மருமகள் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் இரண்டாவது வகையும் உண்டு. அது பேச்சோடு வரும் பார்வை. "என்னம்மா, ஒலிம்பிக்குக்கு போறியா?" என்று கேட்பார்கள். இதற்குக் கோபப்படவும் வேண்டாம், வீட்டுக்குள் ஒளியவும் வேண்டாம். "ஆமாண்ணா, நீங்களும் வாங்க, உங்களுக்கும் சர்க்கரை இருக்கே" என்று சிரித்துக்கொண்டே நடையைக் கட்டுங்கள். ஒரு வாரம் பேசுவார்கள். ஒரு மாதத்தில், "இன்னிக்கு என்ன நேரமாச்சு?" என்று அவர்களே கேட்பார்கள்.

மூன்றாவது வகை, தொந்தரவு தரும் பார்வை. பின்னாலேயே வருவது, வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு பேச்சுக் கொடுப்பது, தெரியாமல் செல்போனில் படம் எடுப்பது, அசிங்கமாகப் பேசுவது. இதைச் சிரித்துத் தாங்க வேண்டியதில்லை. நம் கூச்சம் என்று இதை ஒதுக்கவும் கூடாது. இது அவர்கள் செய்யும் குற்றம். விருப்பமில்லை என்று தெரிந்தும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 78-ஆவது பிரிவில் வருகிறது. முதல் முறைக்கே சிறைத்தண்டனை உண்டு. பெண்ணை அவமதிக்கும் பேச்சுக்கும் சைகைக்கும் 79-ஆவது பிரிவு இருக்கிறது. பெண்கள் உதவி எண் 181. அவசரத்துக்கு 112. வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துவைத்துக்கொண்டு அன்றே குழுவில் சொல்லுங்கள். "நீ ஏன் அந்த நேரத்துல போன?" என்று அவளைக் கேட்காமல் இருப்பது நம் கடமை.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனால்

ஜிம் என்றாலே பையன்கள் இடம் என்று நினைக்கிறோம். கிராம ஊராட்சிகளில் பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் அமைக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2016-ல் அறிவித்தது. பொதுப் பணத்தில் கட்டும் கூடம் பெண்களுக்கும் சேர்த்துத்தான். பொள்ளாச்சியைச் சேர்ந்த கிட்டம்மாள் பாட்டி, 2024-ல் தன் 82 வயதில், கோவையில் நடந்த பளுதூக்கும் போட்டியில் கலந்துகொண்டு 50 கிலோ எடையைத் தூக்கினார். எடை தூக்குவது பெண்ணுக்கு ஆகாது என்பவர்களுக்கு அவர் ஒருவரே பதில்.

அங்கே முதல் முறை போகும்போது, என்ன செய்வது என்று தெரியாததால்தான் அதிகம் கூச்சம் வரும். முறை தெரிந்தால் கூச்சம் குறையும். முறை இவ்வளவுதான்:

• ஒரு சின்னத் துண்டு கொண்டு போங்கள். மெஷினில் உட்கார்ந்து எழுந்ததும் வியர்வையைத் துடைத்துவிடுங்கள்.

• எடுத்த எடையை எடுத்த இடத்திலேயே வையுங்கள். தரையில் கிடந்தால் அடுத்தவர் கால் இடறும்.

• மெஷினில் உட்கார்ந்துகொண்டு போன் பேசக் கூடாது. ஒருவர் காத்திருந்தால் மாறி மாறிச் செய்யலாம். "அண்ணா, இன்னும் எத்தனை தடவை இருக்கு?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

• அடுத்தவர் செய்வதை முறைத்துப் பார்க்கக் கூடாது. கேட்காமல் யோசனை சொல்லக் கூடாது. அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது. இது ஆண்களுக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

• பயிற்சி சொல்லித் தருகிறவர் தொடாமலே வாயால் சொல்லலாம், செய்து காட்டலாம். தொட வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுத் தொட வேண்டும். "தொடாம சொல்லுங்க" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதைத்தான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சேலையிலும் நடக்கலாம், சுடிதாரிலும் நடக்கலாம். ஆனால் தறிக் குடோனில் முந்தானையும் பின்னலும் பெல்ட்டில் சிக்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். டிரெட்மில் என்கிற நடை மெஷினிலும் அதே பெல்ட்தான் ஓடுகிறது. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள் அல்லது குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள், முடியைக் கொண்டை போடுங்கள். மெஷினோடு கயிற்றில் ஒரு கிளிப் தொங்கும். அதை உடையில் மாட்டிக்கொண்டால், கால் தவறும்போது மெஷின் தானாக நின்றுவிடும்.

நாமும் பார்க்கிறவர்கள்தான்

இங்கிலாந்தில் பெண்கள் ஏன் விளையாட்டுக்கும் பயிற்சிக்கும் வருவதில்லை என்று ஸ்போர்ட் இங்கிலாந்து என்ற அமைப்பு ஆராய்ந்தபோது, பிறர் என்ன நினைப்பார்களோ என்ற பயம் பெரிய காரணமாகத் தெரிந்தது. அதனால் 2015 ஜனவரியில் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அந்த விளம்பரங்களில் அழகிகள் இல்லை. குண்டானவர்கள், வயதானவர்கள், வியர்வையில் நனைந்தவர்கள் என்று சாதாரணப் பெண்கள்தான் இருந்தார்கள். வசதியான நாட்டுப் பெண்ணுக்கும் இதே கூச்சம்தான் என்று இதிலிருந்து தெரிகிறது.

ஊர் ஊர் என்கிறோமே, அந்த ஊரில் நாமும் இருக்கிறோம். "இந்த உடம்ப வெச்சுக்கிட்டு எப்படி ஓடறா பாரு", "வேலை இல்லாதவ நடக்கறா", "மருமகளை அடுப்படியில விட்டுட்டு மாமியார் கெளம்பிட்டா" என்று பேசுவது யார்? பல நேரம் குழாயடியிலும் வாசலிலும் இருக்கும் நாம்தான். இந்தப் பேச்சை நாம் நிறுத்தினால் பாதிப் பிரச்சனை தீரும். "நல்லா நடக்கறக்கா, நாளைக்கு நானும் வரேன்" என்று ஒருத்தி சொல்வது போதும், இன்னொருத்தி ஒரு மாதம் விடாமல் நடப்பாள்.

குழுவாக என்ன செய்யலாம்?

தனியாகப் போனால் பத்துப் பேர் பார்ப்பார்கள். ஆறு பேர் சேர்ந்து போனால் பார்ப்பவர்களுக்கே கூச்சம் வரும். அதனால்:

1. குழுவில் 4 முதல் 6 பேர் சேருங்கள். பள்ளி மைதானமோ ஏரிக்கரையோ, இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். நன்றாக விடிந்த பிறகு கிளம்புங்கள். நடைபாதை இல்லாத ரோட்டில், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக நடங்கள்.

2. தொடங்கும் முன் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் தன்னார்வலர்கள் நம் குழுக்களிலிருந்து போன பெண்கள்தான். நெஞ்சுவலி, மூட்டு வீக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

3. முதல் வாரம் 10 நிமிடம் போதும். வாரா வாரம் 5 நிமிடம் கூட்டுங்கள்.

4. மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைப்பாதை என்ற 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் 2023 நவம்பர் 4 அன்று தொடங்கப்பட்டது. அது நல்ல முயற்சி. ஆனால் தினமும் பஸ் ஏறிப் போய் நடக்க நம்மால் முடியாது. நம் ஊரிலேயே விளக்கும் கழிப்பறையும் உள்ள ஓர் இடம் வேண்டும். உடற்பயிற்சிக் கூடம் இருந்தால் தினமும் ஒரு மணி நேரம் பெண்களுக்கு என்று ஒதுக்கச் சொல்லுங்கள். பேரூராட்சியில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடமும் செயல் அலுவலரிடமும் மனுக் கொடுங்கள். ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். குழுத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

அடுத்த கூட்டத்தில் வரவு செலவு படித்து முடித்ததும், "இந்த வாரம் யார் யார் எத்தனை நாள் நடந்தோம்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சேமிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதையும் எழுதி வையுங்கள்.