கொலுப்படியில் விழுந்த வெளிச்சம்

உள்ளே வாருங்கள்! பார்த்துக் கால் வையுங்கள், தரை முழுக்க 1914 கிடக்கிறது. சுவரில் ஒட்டியிருப்பது வங்காள விரிகுடா. சிவப்பு நூல் போகிற வழி எம்டன் வந்த வழி.

நான் எழுதும் நாவலில் நடப்பது ஒரே ஒரு ராத்திரிதான். 1914 செப்டம்பர் 22. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மதராஸுக்கு எதிரே வந்து நின்று, துறைமுகத்திலிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட ராத்திரி. கேப்டன் பெயர் கார்ல் ஃபான் முல்லர். குண்டுகள் சுமார் 130. எரிந்த எண்ணெய் ஏறத்தாழ மூன்றரை லட்சம் கேலன். இதெல்லாம் யாரும் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது வேறு. அந்த நேரம் மண்ணடியில் ஒரு வீட்டுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது? வானத்தில் நிலா இருந்ததா?

நிலாவில்தான் ஆரம்பித்தேன். 1914 ஆகஸ்ட் 21 அன்று ஐரோப்பாவில் முழுச் சூரிய கிரகணம். ஐன்ஸ்டைனின் கணக்கைச் சோதிக்கக் கிரிமியாவுக்குப் போன ஜெர்மன் வானியலாளர்களை ருஷ்யர்கள் பிடித்து வைத்தார்களே, அதே கிரகணம். சூரிய கிரகணம் என்றால் அமாவாசை. அதோடு இருபத்தொன்பதரை நாள் கூட்டினால் செப்டம்பர் 19 ராத்திரி அடுத்த அமாவாசை. அப்படியானால் 22 அன்று மூன்றாம் பிறை, எட்டரைக்கெல்லாம் மறைந்திருக்கும். எம்டன் சுட ஆரம்பித்தது ஒன்பதரை வாக்கில். கும்மிருட்டு!

நோட்டை மூடப் போனேன். அப்போதுதான் உறைத்தது. புரட்டாசி அமாவாசை போனால் என்ன வரும்? நவராத்திரி! கூடத்தில் எழுந்து நின்று கத்தியே விட்டேன். எம்டன் சுட்டது கொலுவின் மூன்றாம் நாள். செட்டியார் பொம்மைக்கும் தசாவதாரத்துக்கும் நடுவே கிருஷ்ணாயில் விளக்கு எரிகிற நேரம். அந்த விளக்கை மங்கச் செய்யும்படி கிழக்கு ஜன்னல் வழியே ஒரு செந்நிற வெளிச்சம் வந்து, படிப்படியாக ஏறி, மேல்படிக் கலசத்தில் நிற்கிறது. ஒரு மாதமாக நகராமல் கிடந்த அத்தியாயம் அன்று ராத்திரியே முடிந்தது.

அடுத்தது சத்தம். ஒளி, வெடி, பீரங்கி முழக்கம் இவற்றில் எது முதலில்? கப்பல் நின்ற தூரம் சுமார் 3,000 கெஜம். எம்டனின் பீரங்கிகள் பத்தரை சென்டிமீட்டர் விட்டம் கொண்டவை. குண்டு புறப்படும் வேகம் விநாடிக்கு 690 மீட்டர். ஒலியின் வேகமோ அதில் பாதி. ஆகவே கரையில் நிற்பவன் முதலில் கடலில் மின்னலைப் பார்ப்பான். ஐந்து விநாடி போல அமைதி. தொட்டி வெடிக்கும். அதற்குப் பிறகுதான் பீரங்கியின் முழக்கம் வந்து சேரும்! ‘டமார் என்று முழங்கியது, உடனே தொட்டி வெடித்தது’ என்று எழுதியிருந்த மூன்று பக்கங்களைச் சந்தோஷமாகக் கிழித்தேன். உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் எம்டன் நினைவுக் கல் இருக்கிறது. ராத்திரி ஒன்பதரைக்கு அதன் முன்னால் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தேன். ஐந்து விநாடி எவ்வளவு நீளம் தெரியுமா! ஒருவன் பெண்டாட்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடலாம். அன்று உயிர்விட்டவர்கள் ஐந்து பேருக்குக் குறையாது. அந்த ஐந்து விநாடியை அவர்களுக்காக ஒரு முழு அத்தியாயமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போவதென்றால் எனக்குத் திருவிழா. பழைய கட்டை அவிழ்க்கும்போது பாருங்கள், காகிதமெல்லாம் பழுத்திருக்க, நாடா கிடந்த இடத்தில் மட்டும் ஒரு வெளிர்கோடு. அந்த நாளின் நிறம் அதுதான்! விரல் வைக்கவே கூச்சமாக இருக்கும்.

செண்பகராமன் பிள்ளை எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். எம்டனில் அவர் வந்தார் என்பது நம் வீடுகளில் பாட்டி சொன்ன கதை. எனக்கும் அது தாலாட்டு மாதிரி. ஆனால் அந்த செப்டம்பரில் அவர் ஜூரிக்கில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்துக்கொண்டிருந்தார். கப்பலில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அவர் வந்தார் என்று மறுநாள் திண்ணையில் ஒருவர் அடித்துச் சொல்வார், கேட்டவர்கள் நம்புவார்கள். அந்த நம்பிக்கையும் சரித்திரம்தானே! எம்டன் அந்த நவம்பர் 9-ஆம் தேதியே கோகோஸ் தீவருகே சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டு முடிந்தது. நம் பேச்சில் மட்டும் இன்னும் ஓடுகிறது: “அவன் சரியான எம்டன்!”

நேற்று வரைக்கும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கொலுவுக்கு என்ன சுண்டல்? தேதியைப் பின்னோக்கி எண்ணினால் செவ்வாய்க்கிழமை. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஓடினேன். “வெள்ளின்னா மொச்சை, வியாழன்னா கொண்டைக்கடலை. செவ்வாய்க்குத் துவரைடீ” என்றார், கீரை ஆய்ந்துகொண்டே.

எழுதிவிட்டேன். ஒன்பதே கால் மணி. மண்ணடி வீட்டில் விருந்தாளிகள் போயாயிற்று. வெண்கல உருளியின் அடியில் ஒரு கைப்பிடி துவரைச் சுண்டல் மிச்சம். அதை வழித்தெடுக்கக் கரண்டி கீழே இறங்குகிறது.