அட்டனின் புறஞ்சேரி: டிக்கோயாவின் வரலாறும் இயல்பும்

நகர் என்றும் புறநகர் என்றும் நாம் இன்று வழங்கும் பாகுபாடு புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாக்கி, அவற்றினிடையே நாளங்காடியை வைத்துக் காட்டுகின்றார் இளங்கோவடிகள். மதுரை நோக்கி வந்த கோவலனும் கண்ணகியும் முதற்கண் தங்கியது மதிலுக்கு வெளியே அறவோர் உறைந்த புறஞ்சேரியிலேயாம். அங்கிருந்து நகருள்ளே புகுவதற்கு அகழியையும் மதில் வாயிலையும் கடத்தல் வேண்டும். இக்கட்டுரை ஆராயப் புகும் புறஞ்சேரிக்கு மதிலுமில்லை, அகழியுமில்லை. அதனை நாற்புறமும் சூழ்ந்து நிற்பது தேயிலை. எனினும் மதிலைக் காட்டிலும் கடத்தற்கரிய எல்லையாக அத்தேயிலை நெடுங்காலம் இருந்தது என்பது பின்னர் விளங்கும்.

அட்டன் நகரிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா நோக்கிச் செல்லும் பாதையில் ஏறத்தாழ மூன்று மைல் தொலைவில் உள்ளது டிக்கோயா. ஒரு நீண்ட கடைவீதி, அதன் பின்னே சரிந்திறங்கும் தேயிலை மலைகள், மழைக்காலத்தில் நண்பகலிலும் விலகாத பனிமூட்டம் என்பனவே புதிதாக வருவோர் கண்ணிற்படுவன. சிங்கள மொழியில் ‘திக்’ என்பது நீளத்தையும், ‘ஓயா’ என்பது சிற்றாற்றையும் குறிக்கும். எனவே நீண்ட ஓடை என்பது இவ்வூர்ப் பெயரின் பொருளாகும். ஆற்றின் பெயர் முதலிற் பள்ளத்தாக்குக்கும், பின்னர்த் தோட்டங்கள் நிறைந்த ஒரு பெரும் வட்டாரத்துக்கும், ஈற்றிற் கடைவீதிக்கும் ஆகிவந்தது. அட்டன் என்னும் பெயரோ ஸ்கொத்லாந்தின் அபர்தீன்சயர்ப் பகுதியிலிருந்து துரைமார் கொண்டுவந்தது. அயலிலுள்ள ஸ்திரத்டன், இன்வெரி முதலிய தோட்டப் பெயர்களும் அந்நாட்டிலிருந்து வந்தனவே. இவற்றின் நடுவே வனராஜா என்றொரு தோட்டம் இருப்பது காதுக்கு ஓர் ஆறுதல்.

இப்பெயர்களைக் கொண்டே இவ்விடத்தின் வரலாற்றை ஒருவாறு வகுத்துவிடலாம். ஆறுகளும் மலைகளும் சிங்களப் பெயருடையன. தோட்டங்களும் புகையிரத நிலையமும் ஆங்கிலேயரும் ஸ்கொத்லாந்தியரும் இட்ட பெயருடையன. தமிழ்ப் பெயர்களோ தேசப்படத்தில் ஏறாமல், ‘பெரிய மலை’, ‘பீலிக்கரை’, ‘ஸ்டோர் லயம்’ எனத் தோட்டத்துக்குள்ளே மட்டும் வழங்கி வந்தன. காட்டை வெட்டி மலையைத் திருத்தியவர்களின் மொழி வரைபடத்திலன்றி வாய்மொழியிலேயே தங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுக்கூறு வரையில் இப்பகுதி அடர்காடாயிருந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் உரிமைப் பத்திரமில்லாக் காடுகளை அரசுக்குரியனவாக்கிற்று. கண்டியைச் சூழ்ந்த நிலங்கள் முடிந்தபின் கோப்பிப் பயிர்ச்செய்கை தெற்கே மேல்மலைகளுக்கு ஏறியது. 1868இல் தரவளையில் துரைமார் ஒரு கிரிக்கெட் சங்கத்தை நிறுவுமளவுக்கு இங்கே வெள்ளையர் தொகை பெருகியிருந்தது. வார்லியில் உள்ள கிறிஸ்து தேவாலயம் 1878இல் எழுந்தது. அதன் கல்லறைத் தோட்டத்திலே துரைமாரின் பெயர்கள் பொறித்த கற்கள் இன்றும் உள. அதே காலத்தில் மன்னார்க் கரையிலிறங்கி, மாத்தளைக் காட்டுவழியே நடந்து வந்து, வழியிலும் மலையிலும் இறந்த கூலியாட்களுக்குப் பெயர் பொறித்த கல் எதுவும் இல்லை.

கோப்பிக்காலத்துத் தொழிலாளி அறுவடைக்கு வந்து, அது முடியத் தன் ஊருக்கு மீளுபவன். ஆதலால் அக்காலத்தில் நிலையான குடியிருப்பு என்று சொல்லத்தக்கது உருவாகவில்லை. 1869இல் முதன்முதற் காணப்பட்ட இலைநோய் அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளிற் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையிற் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் தளிர்ப்பது. கொழுந்து பறிப்பதற்குப் பெண்களின் கை ஓயாது வேண்டும். எனவே தனியாளாய் வந்தவன் குடும்பத்தோடு வந்து தங்கலானான். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படும் லயன் காம்பராக்கள் வரிசை வரிசையாக எழுந்தன. ஒரு செடியின் இயல்பு ஒரு சமூகத்தின் இருப்பை நிலைபெறச் செய்தது என்பது மிகையன்று.

ஈண்டு, கடைவீதியின் பிறப்பை நோக்குவோம். புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டியை எட்டியபோது, இம்மலைகளின் கோப்பி கினிகத்தேனைக் கணவாய் வழியாக மாட்டு வண்டிகளில் அங்கே இறங்கிற்று. வண்டித் தடமுள்ள இடமெல்லாம் கடை தோன்றுதல் இயல்பு. அரிசியும் கருவாடும் துணியும் விற்போர், அடகு பிடிப்போர், வண்டிச் சக்கரம் திருத்தும் கொல்லர் எனத் திருநெல்வேலி வணிகரும், முஸ்லிம் வணிகரும், தென்னிலங்கையிலிருந்து வந்த சிங்கள வணிகரும் இங்கே பக்கம் பக்கமாகக் கடை விரித்தனர். 1884இல் அட்டனுக்குப் புகையிரதம் வந்தது. மறு ஆண்டே அது நானுஓயாவுக்குச் சென்றது. பாதை டிக்கோயாவைத் தொடாமல், அட்டனிலிருந்து சிங்கமலைச் சுரங்கத்தினூடாகக் கொட்டகலைப் பக்கம் திரும்பிவிட்டது. அன்றுதொட்டு வட்டாரத்துக்குப் பெயர் தந்த டிக்கோயா, நிலையத்தைப் பெற்ற அட்டனின் நிழலுக்குள் வந்தது. இன்றும் ‘அட்டன்–டிக்கோயா நகர சபை’ என்றே அவ்வாட்சி மன்றம் வழங்குவதில் இப்பழைய சமன்பாட்டின் எச்சம் காணப்படுகின்றது.

இக்கடைவீதியின் சிறப்பை விற்பனைப் பொருள்களைக் கொண்டு மட்டும் அளத்தல் கூடாது. தோட்டம் என்பது துரையின் தனியுரிமை நிலம். அவர் இசைவின்றி வெளியார் உட்புகுதல் அத்துமீறலாகக் கொள்ளப்பட்டது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போகவேண்டுமாயின், அவன் பெயரிலுள்ள கடனைக் குறிக்கும் துண்டு பெரிய கங்காணியின் கையில் இருந்தது; அத்துண்டு முறை 1921இலேதான் ஒழிக்கப்பட்டது. அதிகாலையிற் பிரட்டுக்குத் தப்பொலி கேட்பது முதல் மாலையில் எடைகாட்டிக் கொழுந்தை நிறுப்பது வரை அவன் வாழ்வு முழுதும் பிறர் ஆணைக்குட்பட்டது. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் மலையிறங்கிக் கடைவீதியில் நிற்கும்போதே துரையின் சொல் செல்லாத ஒரு மண்ணில் நிற்கின்றான். கடனாளியாக நிற்கின்றான் என்பது உண்மை. எனினும் யாரோடும் பேசலாம், எதையும் கேட்கலாம், பத்திரிகை வாசிப்பவன் அருகில் உட்காரலாம்.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் கோ. நடேசையர். துணி விற்பவர் போல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தவர் என அவரைப் பற்றிக் கூறுவர். அவர் 1931இல் தொழிற்சங்க சம்மேளனம் ஒன்றை நிறுவியபோது அதன் தலைமையகம் அட்டனிலேயே அமைந்தது. லயத்தில் நடத்தவியலாக் கூட்டத்தைப் பட்டணத்தில் நடத்தலாம் என்பதே இதன் காரணமாம். அவர் துணைவியார் மீனாட்சியம்மை பாட்டெழுதிப் பாடியே தொழிலாளரை ஒன்றுதிரட்டினார். 1931இல் பெரி. சுந்தரத்தைப் போட்டியின்றித் தெரிவு செய்த அட்டன் தொகுதி, 1936இல் நடேசையரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. அடுத்த ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. வாக்குரிமையும் அதன்பின் போயிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை அவர்களைத் தொகை பேசிப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சியோரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றனர். அட்டன் புகையிரத மேடையில் அழுகையோடு பிரிந்த குடும்பங்கள் பல. இலங்கையிற் பிறந்து நிலையாக வாழ்ந்து வந்த இந்திய வம்சாவளியினர் யாவருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது.

நகரின் அருகில் இருத்தல் வேறு, நகரைச் சேர்ந்திருத்தல் வேறு. டிக்கோயாக் கடைவீதியின் பின்வாயிலால் இறங்கினாற் சில அடிகளிலேயே நகர சபையின் எல்லை முடிந்து தோட்டம் தொடங்கிவிடும். எல்லைக்கு இப்பால் தெருவிளக்கும் குப்பை வண்டியும் வரியும் உண்டு. எல்லைக்கு அப்பால் யாவும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் பணம் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. அம்மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினர் அம்மக்களின் லயத்துக்கு ஒரு பாதை போட இயலாதிருந்தார். இவ்விந்தையை நீக்கும் திருத்தம் வந்தது 2018இல். முப்பதாண்டுகளுக்கு மேலாக இதனைப் பெருங்குறையென எண்ணாதிருந்தவர்களின் பொறுமையை வியவாமல் இருக்க முடியவில்லை.

வகுப்பிலே மாணவரைத் தத்தம் முகவரியை எழுதச் சொல்வது என் வழக்கம். கடைவீதிப் பிள்ளை இலக்கமும் வீதியும் எழுதுவான். தோட்டத்துப் பிள்ளை தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் எழுதி நிறுத்திவிடுவான். கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து எவர் கைவழியாகவோ வீட்டை அடையும். நேர்முகத் தேர்வுக் கடிதம் நாள் கடந்தபின் கிடைத்ததென்று முறையிட்ட இளைஞர் பலரை நான் அறிவேன். இலக்கமில்லாத வீடு ஒருவனின் எதிர்காலத்தை எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதைக் கொழும்பில் இருப்போர் எளிதில் உணரார்.

நிலம் கைமாறிய வரலாறும் இங்குக் கூறத்தக்கது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரை மாறினார், லயம் மாறவில்லை. ஆனால் லயத்தில் வாழ்பவர் மாறிவிட்டனர். 1945இல் வந்த இலவசக் கல்வி நெடுங்காலம் தோட்ட வாயிலிலேயே நின்றிருந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபின் அட்டன் கல்லூரிகளுக்கு மலைகளிலிருந்து பிள்ளைகள் திரண்டு வரலாயினர். ஆசிரியர், எழுதுவினைஞர், தாதியர், கடைச் சிப்பந்திகள் என ஒரு புதிய வகுப்பு தோன்றிற்று. ஒரே காம்பராவில் தாய் கொழுந்து பறிக்கின்றாள், மகள் பட்டணத்து வங்கியிற் கணக்கு எழுதுகின்றாள், மகன் கொழும்புக் கடையொன்றிலிருந்து தீபாவளிக்கு மட்டும் வருகின்றான். தோட்டத்திற் பெயர் பதியாத இவர்கள் தோட்டத்திலேயே உறங்குகின்றனர். உறங்குமிடம் ஓரிடம், உழைக்குமிடம் வேறிடம் என்பதே புறநகரின் இலக்கணமாயின், டிக்கோயாவைச் சூழ்ந்த லயங்கள் எவரும் திட்டமிடாமலே புறநகராகிவிட்டன.

இடையில் மின்சாரத்தின் கதையொன்றுண்டு. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய காசல்றி நீர்த்தேக்கம் 1965இல் நிறைவுற்றது. பொறியியலாளர் விமலசுரேந்திர இம்மலையாறுகளின் ஆற்றலை 1918இலேயே சுட்டிக்காட்டினார். அவர் பெயரையே அங்குள்ள மின்னிலையம் தாங்குகின்றது. வார்லித் தேவாலயத்து மேட்டிலிருந்து அந்நீர்ப்பரப்பைக் காண்பது கண்கொள்ளாக் காட்சி. அந்நீரால் ஒளிபெற்ற நகரங்கள் பல. அதன் கரையிலிருந்த லயங்களோ மேலும் பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருந்தன.

அண்மைக்காலத்தில் டிக்கோயாவின் பெயர் வெளியுலகில் அடிபட்டது 2017 மே 12ஆந் திகதியிலாகும். கிளங்கன் பகுதியில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலையை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அன்று திறந்துவைத்தார். பின்பு நோர்வூட் மைதானத்திற் பேசுகையில், இந்திய வீடமைப்புத் திட்டத்துக்கு மேலும் 10,000 வீடுகளைச் சேர்ப்பதாக அறிவித்தார். லயத்தை விட்டு ஏழு பேர்ச் நிலத்திற் தனிவீடு என்பது அக்காலத் திட்டம். ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. ஒரு வீடும் சிறு கறித்தோட்டமும் கொள்ளும். நூற்றைம்பதாண்டு உழைப்புக்கு இது போதுமா என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. ஆயினும் அந்நிலத்துக்கு உறுதிப்பத்திரம் உண்டா என்பதையே நான் முதலிற் கேட்பேன். உறுதியில்லாத வீடு, பெயர் மாற்றிய லயமே.

டிக்கோயாவைக் காண விரும்புவோர் மார்கழி முழுமதி முதல் வைகாசி வரையுள்ள சிவனொளிபாதமலைப் பருவத்தில் வருதல் நன்று. அட்டனில் இரவுப் புகையிரதத்தால் இறங்கும் யாத்திரிகரை ஏற்றிய பஸ் வண்டிகள் விடியுமுன் இவ்வீதி வழியே மஸ்கெலியாவுக்கு ஏறும். சிங்கள யாத்திரிகர் புத்தரின் பாதத்தையும், சைவர் சிவபெருமான் பாதத்தையும், முஸ்லிம்களும் கிறிஸ்தவரும் தத்தம் மரபுக்கேற்ப ஆதம் அல்லது தோமையார் சுவட்டையும் எண்ணிச் செல்வர். அந்நேரத்தில் தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். மேலே மலையில், தோட்டத்து மாரியம்மன் கோயிலின் ஒற்றை விளக்கும், அதற்கப்பால் ரோதை முனியைக் கும்பிட்டுத் தொடங்கும் தேயிலை ஸ்டோரின் ஓசையும் புலப்படும். பொழுது புலர்ந்து பனி சற்று விலகும்போது, கூடையோடு பிரட்டுக்கு ஏறும் பெண்களும், வெள்ளைச் சீருடையோடு பாடசாலைக்கு இறங்கும் அவர்தம் பிள்ளைகளும் ஒரே ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே விலகி வழிவிட்டுச் செல்வர்.